மோசமான பதிலைக் குறிக்கவும்

இனிமேல் மோசமான பதிலைக் குறிக்க வேண்டியதில்லையாம். தேர்வு எழுதுகிறவர்களின் சுமையைக் குறைக்கும் பொருட்டு என்று மெயிலில் அவ்வளவு மரியாதையாக எழுதியிருக்கிறார்கள். யாருடைய சுமை. என் சுமையைக் குறையுங்கள் என்று நான் யாரிடம் போய் நின்றேன். இதுவரை ஒவ்வொரு கேள்வியிலும் ஒரு சூழ்நிலை இருக்கும், கீழே நாலு பதில் இருக்கும், ஒருவர் தன் மனக்குழப்பத்தைப் பேசித் தானே தெளிவதற்குத் துணையாகக் கோச் என்று உட்கார்ந்திருக்கிறவள் அந்த இடத்தில் செய்யக்கூடியதில் மிகச் சிறந்தது எது என்று ஒரு டிக், மிக மோசமானது எது என்று இன்னொரு டிக், இரண்டுக்கும் தனித்தனி மார்க். அடுத்த மாதத்திலிருந்து ஒரே டிக்தான். மோசமான பதிலே இருக்காதாம். நாலும் நல்லதாகவே இருக்கும், அதில் சிறந்ததை எடுக்க வேண்டுமாம். ஏற்கனவே பெயர் பதிந்தவர்கள் விரும்பினால் இருபத்தெட்டாம் தேதி பழைய முறையில் கடைசியாக ஒரு தடவை எழுதிக்கொள்ளலாம். அதற்கு இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் மெயிலுக்குள் இருக்கும் பச்சைப் பட்டனை அமுக்க வேண்டும். அமுக்காதவர்கள் தானாகப் புதிய முறைக்குப் போய்விடுவார்கள். இப்போது மணி மூன்றே கால். நாலு ஓவர்லாக் மிஷின் பார்க்க வருகிறேன் என்று சொன்ன பார்ட்டி இன்னும் வரவில்லை. குடோனில் சிமென்ட் ஷீட்டின் சூடு தலையில் இறங்குகிறது, பக்கத்து நிட்டிங் கம்பெனி இரைந்துகொண்டே இருக்கிறது, நான் ஆயில் படாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து, அமுக்கு வசந்தாமணி, அமுக்கித் தொலை என்று என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன். இருபத்தாறு வருசமாகத் திருப்பூரில் பழைய தையல் மிஷின் வாங்கி விற்கிறவள், பார்ட்டியின் செருப்பைப் பார்த்தே அவன் எதுவரைக்கும் ஏறுவான் என்று சொல்கிறவள், ஒரு பட்டனுக்கு முன்னால் காலையிலிருந்து ஒன்பது தடவை விரலை நீட்டி மடக்கிவிட்டேன். கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை. மாதிரித் தேர்வில் மோசமானதில் நாற்பதுக்கு நாற்பது, சிறந்ததில் நாற்பதுக்குப் பதினேழு. பழைய முறையில் இரண்டையும் சேர்த்துப் பாஸ். புதிய முறையில் பதினேழை வைத்துக்கொண்டு வாசல்படிகூட ஏற முடியாது, ஒரு தடவை தவறினால் ஒரு வருசம் கழித்துத்தான் மறுபடி எழுத விடுவார்கள். அவிநாசி பக்கத்து எக்ஸ்போர்ட் கம்பெனி அதுவரை காத்திருக்காது. அவர்களுடைய சூப்பர்வைசர் பெண்கள் அறுபது பேருக்கும் என்னையே கோச்சாக வைத்துக்கொள்கிறோம், சர்டிபிகேட்டை மட்டும் கொண்டுவாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். எட்டாவதோடு படிப்பை விட்டுப் பனியன் கம்பெனிக்குக் கைமடியாகப் போனவளை, டெய்லர் தைத்துத் தள்ளும் பீஸைக் குனிந்து குனிந்து பிடித்து அடுக்கியவளை, அறுபது பேருக்கு எதிரில் உட்காரக் கூப்பிடுகிறார்கள். இதற்கு மேல் என்ன யோசனை. விரல் மட்டும் இறங்க மாட்டேன் என்கிறது.

நாற்பதுக்கு நாற்பது எடுத்தது படித்து அல்ல. அத்தனையும் நான் செய்தவை. வாடிக்கையாளர் பேசி முடிப்பதற்குள் தீர்வைக் கூறுதல், செய்திருக்கிறேன். இதைவிடப் பெரிய கஷ்டத்தைப் பார்த்தவள் நான் எனக் கூறுதல், தினமும். வாடிக்கையாளரின் முடிவு தவறு என்பதைக் குரலை உயர்த்தி உணர்த்துதல், இதைப் படித்தபோது சிரித்துவிட்டேன், குரலை உயர்த்துதல் என்றால் இவர்கள் ஊரில் எவ்வளவோ தெரியவில்லை, நான் உயர்த்தினால் நிட்டிங் கம்பெனிக்காரன் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பான், ஒரு தடவை மெக்கானிக்கின் காலடியில் ஸ்பேனரே போய் விழுந்திருக்கிறது. தேர்வைத் தமிழில் எழுதலாம் என்று வைத்ததில் இன்னொரு வம்பு. கோச்சிடம் மனசைத் திறக்க வருகிறவருக்கு அந்தத் தமிழில் வாடிக்கையாளர் என்று பெயர். எனக்கு வாடிக்கையாளர் என்றால் பார்ட்டிதான், வேறு உருவம் வரமாட்டேன் என்கிறது. வாடிக்கையாளர் நீண்ட நேரம் மௌனமாக இருக்கிறார், நீங்கள் என்ன செய்வீர்கள் என்று ஒரு கேள்வி. படித்ததும் என் தோள் தானாக இறுகிவிட்டது. விலை சொன்ன பிறகு முதலில் வாயைத் திறக்கிறவர்தான் இறங்குகிறவர், இருபத்தாறு வருசமாக என் வீட்டில் சோறு வெந்தது அந்த ஒன்றில்தான். மௌனத்தைக் கலைக்காமல் உடன் இருத்தல் என்று மூன்றாவது பதில், டக்கென்று டிக் போட்டேன், அதுதான் சரியான பதில், முழு மார்க். என் மனசுக்குள் அந்த நேரம் ஒரு பார்ட்டி ஃபிளாட்லாக் மிஷினைத் தடவிக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தான் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும். அந்தப் பதினேழில் எத்தனை இப்படித் திருட்டு வழியாக வந்ததோ. ஆனால் முப்பத்தோராவது கேள்வி வேறு மாதிரி. வாடிக்கையாளர் கூறுகிறார், இந்தப் படிப்பை என்னால் தொடர முடியும் என்று தோன்றவில்லை. நாலாவது பதில், இவ்வளவு தூரம் வந்தபின் இப்படிப் பேசலாமா, போகப் போகச் சரியாகிவிடும் எனக் கூறுதல். மோசமானது என்று டிக் போடப் போன கை அங்கேயே நின்றுவிட்டது. என் மகள் தாரணி ஹாஸ்டலிலிருந்து வந்து சமையலறை வாசலில் நின்று அதைத்தான் சொன்னாள், நான் தோசைக்கல்லைப் பார்த்தபடி அந்த நாலாவது பதிலைத்தான் சொன்னேன், இத்தன தூரம் வந்துட்டு இப்படிப் பேசலாமா கண்ணு, போகப் போகச் செரியாயிரும், போய் மூஞ்சி கழுவிட்டு வா. அவளும் மூஞ்சி கழுவிக்கொண்டு வந்தாள். படித்து முடித்தாள். ஹைதராபாத்தில் நல்ல வேலையில் இருக்கிறாள். ஆறு வருசமாகப் போனில் நல்லாருக்கேம்மா என்பதற்கு மேல் என்னிடம் எதுவும் சொல்வதில்லை. இந்தக் கேள்வியை எழுதியவர் யார். எந்த ஊரில் எந்த மேசையில் உட்கார்ந்து எழுதினாரோ, என் வீட்டுச் சமையலறையில் நான் சொன்னதை அப்படியே எடுத்து வைத்து, நாலில் இதுதான் மிக மோசமானது என்று ஒதுக்கியிருக்கிறார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், எனக்கு எதற்குத்தான் கோபம் வராது, அன்றைக்கு வரவில்லை. கை முடியெல்லாம் குத்திட்டு நின்றது. ஊரில் எல்லாரும் சொல்கிற, ஆறுதல் என்று நினைத்தே சொல்கிற ஒரு வார்த்தை, அது சொல்லப்பட்டவளின் வாயை ஆறு வருசத்துக்கு அடைக்கும் என்று கண்டுபிடிக்க வேண்டுமென்றால் அவர் எத்தனை பேர் எதிரில் எத்தனை நாள் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவரும் யாருக்கோ அதைச் சொல்லியிருக்க வேண்டும். அப்படிப்பட்ட மனுசனைத்தான் இப்போது வேண்டாம் என்கிறார்கள். நாலும் நல்ல பதிலாம். நாலும் நல்லதாக இருக்கிற இடத்தில் எனக்கு என்ன வேலை. நல்ல மிஷினில் எது இன்னும் நல்லது என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை, எதில் என்ன கோளாறு என்றுதான் கேட்பார்கள், ஒரு மிதி மிதித்துச் சத்தத்தைக் கேட்டாலே சொல்லிவிடுவேன்.

நான் இந்தப் படிப்புக்கு வந்ததே ஒரு சண்டையில்தான். மூன்று வருசம் முன்னால் கோயம்புத்தூரில் ஒரு ஹோட்டலில் தொழில் செய்யும் பெண்களுக்குக் கூட்டம், ஜெயித்தவள் என்று என்னையும் மேடையில் ஏற்றினார்கள். சாப்பாட்டு நேரத்தில் சர்வர் என் சேலையில் சாம்பாரைச் சிந்திவிட்டான், அவனை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன், ஹாலே திரும்பிப் பார்த்தது. அப்போது எதிரில் தட்டோடு வந்து உட்கார்ந்தார் மாதவராவ். பயிற்சி கொடுக்க வந்தவர், எழுபது வயசு இருக்கும். சமாதானமும் சொல்லவில்லை, புத்தியும் சொல்லவில்லை. "நீங்க கோவப்படறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி எங்கம்மா இருப்பீங்க?" என்றார். "எங்க இருப்பேன், இங்கதான் இருப்பேன். என்ன கேக்கறீங்க நீங்க?" என்று அவர் மேலும் பாய்ந்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டார். நான் காத்திருந்தேன், அடுத்து என்னவோ விற்கப்போகிறார், புஸ்தகமோ, பயிற்சி வகுப்போ, ஆசிரமமோ. ஒன்றும் வரவில்லை. சாப்பிட்டார், எழுந்தார், கை கழுவப் போனார். என்னிடம் அதுவரைக்கும் யாரும் சும்மா எதையும் கேட்டதில்லை. எங்கே வாங்கினீங்க என்றால் அதே ஆளிடம் நேராகப் போக நினைக்கிறான். பொண்ணுக்கு என்ன வயசு என்றால் கையில் ஒரு ஜாதகம் இருக்கிறது. ஒடம்பு எப்படி இருக்குதுங்க என்றால் குடோனை விற்பேனா என்று வேவு பார்க்கிறான். நானும் அப்படித்தான் கேட்டிருக்கிறேன், கேள்வி என்றால் தூண்டில், வேறு எதற்குக் கேட்பார்கள். இந்த மனுசனுடைய கேள்வியைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன், முள்ளே இல்லை. திரும்பி வரும்போது கருமத்தம்பட்டி தாண்டி, பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கையில், பதில் வந்தது. குனிந்திருக்கிறேன். கோபம் வருவதற்கு ஒரு நிமிசம் முன்னால் நான் எப்போதும் தையல் டேபிளுக்குக் கீழே குனிந்திருக்கிறேன், பதினான்கு வயசு, கையில் பீஸ், மேலே யாரோ வாயைத் திறக்கப் போகிறார்கள், அவர்கள் திறப்பதற்குள் நான் திறந்துவிட வேண்டும். அவ்வளவுதான். இருபத்தைந்து முப்பது வருசமாக ஊரெல்லாம் நடுங்கிய வசந்தாமணியின் கோபம் ஒரு டேபிள் உயரம்தான். கண்டக்டர் டிக்கெட்டுக்குக் காசு கேட்டது காதில் விழவில்லை. எனக்குள்ளேயே இருந்த ஒரு இடத்துக்கு வழி தெரியாதவர் ஒருவர் வந்து, உள்ளே நுழையாமல், விரலால் காட்டிவிட்டு ரசம் சாப்பிடப் போய்விட்டார். சாமி கும்பிடும்போதுகூட எனக்கு அப்படி உடம்பு ஆடியதில்லை. அடுத்த வாரமே அவரிடம் போய், இதை எனக்குச் சொல்லிக் கொடுங்கள் என்று நின்றேன். அவருடைய ஃபீஸில் மட்டும் பேரம் பேசினேன், அது வேறு விஷயம்.

போன் அதிர்ந்தது, ஹெப்சிபா. மார்த்தாண்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு சொல்லிக்கொடுக்கிற பி.டி. டீச்சர், என்னோடு படிக்கிறவள், வாரத்தில் ஒரு நாள் நான் அவளுக்குக் கோச், ஒரு நாள் அவள் எனக்கு. "எக்கா, பட்டன அமுக்கியாச்சா?" "இல்ல கண்ணு." "இன்னுமா? நான் புதுசுக்கே போறேன்னு விட்டாச்சு. நீங்க பழசுக்குப் போங்க. மோசமானதெல்லாம் ஒங்களுக்கு அத்துப்படி, நல்லதக் கண்டாத்தான முழிப்பிய." "நேர்ல வந்தன்னா விசிலப் புடுங்கி வீசிப்போடுவேன் டீச்சரு." அவள் சிரிக்கிறாள், பின்னால் பிள்ளைகளின் இரைச்சல். இப்படிச் சிரிக்கிறவள்தான் அன்றைக்குச் சிரிப்பே இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். போன மாசம் நாங்கள் போனில் பேசியதை ரெக்கார்டு செய்து, தாளில் எழுதியும் மாதவராவிடம் அனுப்பினோம். ஹெட்மிஸ்ட்ரஸ் வேலைக்கு எழுதிப் போடலாமா வேண்டாமா என்று அவள் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள், நான் கேட்டேன், அந்த நாற்காலியில உக்காந்தா உனக்கு என்ன கெடைக்கும். கேட்டுவிட்டு வாயை மூடினேன். பதினோரு செகண்டு. பிறகு அவள் வேறொரு குரலில் சொன்னாள், இருவத்திரண்டு வருசமா அந்த ஸ்கூல்ல ஒருத்தரும் எனக்க பேரச் சொல்லிக் கூப்பிடல்லக்கா, பி.டி., பி.டி.ன்னுதான் கூப்பிடுதாவ. தாளின் ஓரத்தில் மாதவராவ் எழுதியிருந்தார், இந்தப் பதினோரு செகண்டு மிக உயர்ந்தது, இதைக் கற்றுக்கொடுக்க முடியாது. அந்தத் தாளை நான் யாருக்கும் காட்டவில்லை. ஏனென்றால் அது எனக்குத் தெரியும், அது கடை மௌனம். விலை சொல்லிவிட்டு எதிராளி இறங்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிற அதே மௌனம், மூச்சுக்கூட அதே கணக்கு. அவள் இறங்கினாள். ஆனால் இறங்கி வந்து என் கையில் வைத்தது நான் கேட்காத பொருள், அதற்கு என்னிடம் விலை இல்லை. அன்றைக்கு எனக்குப் பயமாகிவிட்டது. தெரியாத்தனமாக ஒரு கோயில் கதவைத் தோளால் இடித்துத் திறந்துவிட்ட மாதிரி. பாராட்டு வாங்கியது யார், கோச்சா, பழைய மிஷின்காரியா. பழைய முறையில் எழுதிப் பாஸாகிவிட்டால் இந்தக் கேள்வி சர்டிபிகேட்டோடு கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டிக்கொண்டு என் சுவரிலேயே தொங்கும். "டீச்சரு, உன்றகிட்ட ஒண்ணு சொல்லோணும்" என்றேன். "அன்னைக்கு நான் பேசாம உக்காந்திருந்தனல்லொ. அது உனக்காக இல்ல. வெல சொல்லிப்போட்டு உக்காருவனே, அந்த மாதிரி. நீ எறங்கட்டும்னு இருந்தேன்." சொல்லி முடித்ததும் கெட்டுது காரியம் என்று நினைத்தேன். "நீங்க உள்ள என்னத்த நெனச்சியன்னு நான் கண்டனா" என்றாள். "எங்க வீட்ல ஒருத்தனும் எனக்குப் பதினோரு செகண்டு தந்ததில்லக்கா. ஒங்க கடையிலயாவது கெடச்சுதே. வைக்கட்டா, பீரியடு இருக்கு." வைத்துவிட்டாள். எனக்குப் பதில் கிடைத்ததா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. மணி நாலு. போனில் நாலு ஐம்பதுக்கு அலாரம் வைத்து, மெயிலைத் திறந்தபடியே மேசை மேல் வைத்தேன். பார்ட்டியை அனுப்பிவிட்டு அமுக்கிக்கொள்ளலாம், யோசித்தது போதும்.

நாலரைக்கு வந்தாள் மெகர்நிஷா. ஸ்கூட்டியில் தனியாக வந்தாள், முப்பது வயசு இருக்கும், பதினோரு வருசம் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லராக இருந்துவிட்டு இப்போது சொந்தமாக நாலு மிஷின் போட்டு, பெரிய கம்பெனிகளுக்குத் தைத்துக்கொடுக்கிற ஜாப் ஒர்க் எடுக்கப் போகிறாள். விவரமானவள். பனியன் வேஸ்ட் துணியை மடித்துக் கொடுத்து, நாலையும் ஒவ்வொன்றாக மிதித்து, தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டாள், மூன்றாவதில் மட்டும் ஒரு நொடி கூட நின்றாள், அதில்தான் கோளாறு இருந்தது. எனக்கு அவளைப் பிடித்துப்போனது, பிடித்துப்போனால் நான் இன்னும் கறாராக ஆகிவிடுவேன். ஒரு விலை சொன்னேன். சொல்லிவிட்டு வழக்கம்போல வாயை மூடினேன். அவள் மூன்றாவது மிஷினின் தலையில் கை வைத்தபடி நின்றாள். நிட்டிங் கம்பெனி இரைந்தது. குறைங்க்கா என்று வரும், அதற்கு என்ன சொல்வது என்பது என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அவள் சொன்னது அது இல்லை. "நான் ஓட்டிருவனாங்க்கா?" என்றாள். மிஷினைச் சொல்லவில்லை. கேள்வி என்னிடமா, அந்த மிஷினிடமா என்றும் தெரியவில்லை. தேர்வில் வருகிற மாதிரியே பதில்கள் வரிசையாக வந்து நின்றன. உனக்கென்ன கண்ணு, தைரியமா எடுத்துட்டுப் போ. இது ஒன்று. பாதி மூச்சில் சொல்லியிருப்பேன், இந்நேரம் வியாபாரம் முடிந்து லோடு ஏறியிருக்கும், அவளும் மூஞ்சி கழுவின மாதிரி சிரித்துக்கொண்டு போயிருப்பாள். மோசமானது அதுதான் என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நான் ஒத்தப் பொம்பளையா ஒரு மிஷினை வெச்சு ஆரம்பிச்சேன் என்று என் கதை, அது இரண்டு. வூட்ல கேட்டியா, அது மூன்று. நாலாவது இடம் காலியாக இருந்தது. அங்கே என்ன எழுதியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் பல் கடிபடவில்லை, தோள் தானாக இறங்கிவிட்டது, எவ்வளவு நேரம் என்று எண்ணவும் தோன்றவில்லை. தெரியாத இடத்தில் நின்றுகொண்டிருப்பது இவ்வளவு விசாலமாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. "எதை நெனச்சுக் கேக்கறே?" என்றேன், என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. "தையலுக்கு இல்லீங்க்கா" என்றாள். "என்கூடத் தெச்ச புள்ளைங்கதான் வேலைக்கு வர்றாங்க. நாளைக்கு நான் மொதலாளி. எனக்குச் சத்தம் போட வராது. உங்களைப் பத்திச் சொன்னாங்க, நீங்க ஒரு சத்தம் போட்டீங்கன்னா கம்பெனியே நடுங்குமாம். அது எப்படிங்க்கா பழகுனீங்க? எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க." அடக் கண்ணு. கேலி இல்லை, நிஜமாகவே கேட்கிறாள், ஊசி கோர்ப்பது எப்படி என்று கேட்கிற மாதிரி. சிரிப்பு வந்தது. சொல்லிக் கொடுக்க என்னிடம் ஒரு குடோன் நிறைய இருக்கிறது. "நீ சத்தமே போடாத கம்பெனி ஒண்ணு இருந்தா" என்றேன், ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித் தேடி, "அது எப்படி இருக்கும்?" அவள் என்னைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்கவில்லை, என் தோளுக்கு மேலே, பெயின்ட் உரிந்த வெறும் சுவரைப் பார்த்தாள், அங்கே ஏதோ இருக்கிற மாதிரி அவள் கண் சுருங்கியது, விரிந்தது. "செவுத்தைப் பாத்து மிஷினப் போடக் கூடாதுங்க்கா" என்றாள் மெதுவாக. "எதிரெதிரா போடோணும். தெக்கறவங்க தலையத் தூக்குனா ஒரு மொகம் தெரியோணும்." மேசையில் போன் அதிர ஆரம்பித்தது. நாலு ஐம்பது. ஆயில் படிந்த தகரத்தில் அது நகர்ந்து நகர்ந்து என் கைப்பக்கமாகவே வந்தது, பச்சைப் பட்டன் வெளிச்சமாகத் தெரிந்தது, ஒரு விரல், ஒரே விநாடி. ஆனால் அவள் கண் இன்னும் சுவரில் இருந்தது. இப்போது நான் போனைப் பார்த்தேன் என்றால் அந்தச் சுவர் மறுபடி வெறும் சுவராகிவிடும். இதை எந்த மாதிரித் தேர்விலும் நான் படித்ததில்லை, இதற்கு யாரும் மார்க் வைக்கவில்லை, ஆனாலும் மிக மோசமானது எது என்று எனக்குத் தெரிந்தது, எப்போதும் தெரிகிற மாதிரியே, துளிச் சந்தேகம் இல்லாமல். கையை மடியில் வைத்துக்கொண்டேன். போன் தானாக நின்றது. பிறகு ஒரு தடவை அதிர்ந்தது, மறுபடி நின்றது. அவள் பேசிக்கொண்டிருந்தாள், டீ எத்தனை மணிக்கு, பீஸ் தப்பாகிவிட்டால் யார் முதலில் சொல்வது, சொல்லும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்து சொல்வதா நின்று சொல்வதா, உலகத்தில் இதுவரை இல்லாத ஒரு அறை அவள் வாயிலிருந்து ஒவ்வொரு சாமானாக இறங்கிக்கொண்டிருந்தது, அவளே ஒவ்வொன்றையும் அப்போதுதான் பார்க்கிறாள், பார்த்து ஆச்சரியப்படுகிறாள், அதைப் பார்க்க எனக்கு மூச்சு விடவே கூச்சமாக இருந்தது. எப்போதோ ஒரு தடவை சட்டென்று நிறுத்தி, கையில் கட்டியிருந்த வாட்சைப் பார்த்தாள். "அய்யோ, அஞ்சு ஆயிருச்சுங்களா? உங்க நேரத்தைக் கெடுத்துப்போட்டனா?"

"ஆயிருச்சு" என்றேன். "நீ சொல்லு."